டீசன்ட் என்றால் என்ன சாதி?

கண்டரமாணிக்கம் பஸ் ஸ்டாப்பில் போன மாதம் காதில் விழுந்த பேச்சு இது. காரைக்குடியில் கல்லூரிக்குப் போகிற நம்ம தெருப் பையன் ஒருத்தன் சட்டையை இன் பண்ணி, ஷூ மாட்டிக்கொண்டு காலை பஸ்ஸுக்கு நின்றிருந்தான். பக்கத்தில் டீக் கிளாசோடு நின்ற இரண்டு பெரிய மனிதர்களில் ஒருத்தர் கேட்டார்:

"யாருப்பா அது? யாரு மகன்?"

"காலனிப் பயதேன்."

"அட, பாத்தா அப்புடித் தெரியலையே! ரொம்ப டீசன்ட்டால்ல இருக்கான்."

பையன் காதிலும் அது விழுந்தது. திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான். யாரோ தன்னைப் பாராட்டிவிட்டார்கள் என்று கூச்சம் கலந்த சிரிப்பு. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். எனக்கு அந்தப் பெரிய மனிதர்கள் மேல் வந்த கோபம் புதுசு இல்லை. அது தினப்படி வருவது, தினப்படி ஆறுவது. ஆறாமல் நிற்பது அந்தப் பையனின் சிரிப்பு. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்போடுதான் சண்டை போடுகிறது.

தோழர்களே, அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். "பாத்தா அப்புடித் தெரியல" என்பது ஒரு பாதி. "டீசன்ட்டா இருக்கான்" என்பது மறு பாதி. இரண்டும் ஒரே வாக்கியம்தான். 'அப்படித் தெரியாமல் இருப்பது' எதுவோ அதுதான் டீசன்ட். அப்படியானால் 'அப்படித் தெரிவது' என்ன? எப்படித் தெரிந்தால் நாம் டீசன்ட் இல்லை? சொன்னவருக்கு அது தெரியும். கேட்டவருக்கும் தெரியும். சிரித்த பையனுக்கும் உள்ளுக்குள் தெரியும். யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே வேலை முடிந்துவிட்டது.

*

இந்தச் சின்ன ஆங்கில வார்த்தை நம்ம பக்கத்தில் என்னென்ன வேலை பார்க்கிறது என்று ஒரு கணக்கெடுங்கள்.

சில வருசத்துக்கு முன் காரைக்குடியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். ஒரு வீட்டுக்காரர் நல்ல முறையில் வரவேற்றார், தண்ணீர் கொடுத்தார். "சொந்த ஊரு எது தம்பி?" "கண்டரமாணிக்கம்." "அப்புடியா, நமக்குத் தெரிஞ்ச ஊருதேன். அங்கன எந்தத் தெரு?" சொன்னேன். முகம் மாறவில்லை. குரல்தான் மாறியது. "என்ன சாமி கும்புடுவீக? கறி மீனெல்லாம் சமைப்பீகளா?" கடைசியில், "தப்பா நினைச்சுக்கிறாதீக தம்பி, அக்கம்பக்கத்துல எல்லாம் டீசன்ட்டான ஆளுக, அதேன் யோசிக்கிறேன்."

செட்டிநாட்டுக் கோழி என்று உலகமெல்லாம் போர்டு மாட்டிக் கல்லாக் கட்டுகிற மண்ணில், கறி சமைப்பீகளா என்று ஒருத்தர் கேட்டால் அவர் கோழியைப் பற்றியா கேட்கிறார்? ஆட்டைப் பற்றியா? அவர் கேட்டது மாட்டைப் பற்றி. மாட்டைப் பற்றிக்கூட இல்லை, என் சாதியைப் பற்றி. அதை நேராகக் கேட்டால் அவர் டீசன்ட் இல்லாதவர் ஆகிவிடுவாரே! அதனால் சுற்றி வளைத்து என்னை டீசன்ட் இல்லாதவனாக ஆக்கிவிட்டு அனுப்பினார்.

"டீசன்ட்டான ஏரியா" என்றால் சேரி பக்கத்தில் இல்லாத ஏரியா. "டீசன்ட்டான சம்பந்தம்" என்றால் சொந்தச் சாதிச் சம்பந்தம். "டீசன்ட்டா ஒதுங்கிப் போயிரு" என்றால் அடிப்பதற்கு முன் கொடுக்கிற கடைசி எச்சரிக்கை. "பொண்ணு டீசன்ட்டா இருக்கணும்" என்றால் எதிர்த்துப் பேசக் கூடாது.

இதற்கு எதிர்ச்சொல்லும் ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள்: லோக்கல். "ரொம்ப லோக்கலா பேசுறான்", "லோக்கல் பசங்க". ஆங்கிலத்தில் இதற்கு அர்த்தம் உள்ளூர் என்பதுதான். ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு போட்டவன், ஒருநாளும் நம்மை ஊர்க்காரன் என்று ஒப்புக்கொள்ளாதவன், திட்டும்போது மட்டும் நம்மை உள்ளூர் ஆக்கிவிடுகிறான்!

*

வார்த்தையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தோண்டுவோம். 'டீசன்ட்' லத்தீனில் இருந்து வந்தது. 'பொருந்துதல், தகுதல்' என்பது அதன் வேர்ப் பொருள். பந்தலுக்கு டெக்கரேஷன் என்கிறோமே, அது இதே வேர். மனித மாண்பைக் குறிக்கிற 'டிக்னிட்டி' என்ற வார்த்தையும் இதே குடும்பம்தான். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். ஒருத்தி மாண்பு என்று ஆனாள். இன்னொருத்தி 'இடத்துக்குத் தக்கபடி நடந்துகொள்' என்று கட்டளை போடுகிறவள் ஆனாள்.

ஆங்கிலத்தில் இதற்குக் குறைந்தது ஐந்து நிறம் உண்டு. இடம் பொருள் அறிந்து பொருத்தமாக நடப்பது ஒன்று. உடம்பை மூடியிருப்பது இரண்டு. ரெஸ்பெக்டபிள் என்கிறார்களே, நாலு பேர் மதிக்கிற ஆளாக இருப்பது மூன்று. போதுமான அளவில் இருப்பது, அதாவது டீசன்ட்டான சம்பளம், நாலு. பிறரிடம் நியாயமாக, இரக்கமாக நடப்பது ஐந்து.

தமிழில் இதற்கு எத்தனை வார்த்தை! கண்ணியம், நாகரிகம், பண்பு, ஒழுக்கம், அடக்கம், மரியாதை, இங்கிதம், கௌரவம், யோக்கியம், தகுதி. பணக்கார மொழிதான். ஆனால் இதில் நமக்கென்று எந்த வார்த்தையைக் கொடுத்தார்கள்? அடக்கம் ஒன்றுதான் நமக்கு. மரியாதை நாம் கொடுக்க வேண்டியது. கௌரவம் அவர்களுடையது, அதற்காகப் பெற்ற மகளையே கொல்லலாம் என்றால் அதற்குக் கௌரவக் கொலை என்று பெயர் வேறு. யோக்கியம் என்ற வடசொல்லுக்கும் 'பொருத்தம்' என்றே பொருள். "ஒனக்கு என்னடா யோக்கியதை இருக்கு?" என்று நம்மைக் கேட்கும்போது கேட்கப்படுவது நம் குணத்தைப் பற்றியா? இல்லை தோழர்களே, நம் இடத்தைப் பற்றி.

தக்கபடி, தகுந்தபடி என்கிறார்களே, எதற்குத் தகுந்தபடி? முழுச் சண்டையும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

*

அதற்குப் பதிலை நம்ம சீமையே எழுதி வைத்திருக்கிறது. இன்றைய சிவகங்கை மாவட்டம் அன்று ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தடைகளை மெதுவாகப் படியுங்கள்.

தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தானியம் அழிக்கப்பட்டது. ஆடு மாடு கொள்ளை போனது. அப்படியும் நம் சனம் அடங்கவில்லை போலிருக்கிறது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுதான் மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை மலிவு விலைக்கு மிராசுதாரருக்கே விற்றுவிட வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை; ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி. தண்ணீர் எடுக்க மண்குடம்தான், பித்தளை கூடாது. குடத்துக்குச் சும்மாடு வைக்கோலில்தான், துணியில் கூடாது. கல்யாணத்தில் மேளம் கூடாது, மாப்பிள்ளை குதிரை ஏறக் கூடாது. பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றி அதில் தூக்கிப் போகட்டும்.

தலையில் வைக்கிற சும்மாடு வரைக்கும் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! எவ்வளவு நுணுக்கம்! இதுதான் டீசன்ட் என்பதன் முதல் நிறம்: இடத்துக்குத் தகுந்த உடை, இடத்துக்குத் தகுந்த பாத்திரம், இடத்துக்குத் தகுந்த கூலி. சட்டை போட்ட பறையனும் பள்ளனும் சக்கிலியனும் அன்றைக்கு டீசன்ட் இல்லாதவன். சட்டை போடாதவனே ஒழுங்கானவன், அடக்கமானவன். இன்றைக்கு அதே மண்ணில், சட்டையை இன் பண்ணினால் டீசன்ட் என்று மெச்சுகிறார்கள்.

இரண்டையும் எதிரெதிர் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அன்றும் இன்றும் அளவுகோல் ஒருத்தன் கையில். அன்று சட்டையைக் கழற்று என்றான். இன்று சட்டையைப் பார்த்து மார்க் போடுகிறான். நாம் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரம் மட்டும் கைமாறவே இல்லை.

அது கைமாறப் பார்த்தால் என்ன நடக்கும்? 2018 மே 28 இரவு கச்சநத்தத்தில் நடந்தது. இதே சிவகங்கை மாவட்டம். கோயில் மரியாதைத் தகராறும், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் ஆத்திரத்துக்குக் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது நீதிமன்றம். தன் காலைத் தன் காலின் மேல் போடுவதற்கு அனுமதி வாங்க வேண்டிய மண் இது. 2025 பிப்ரவரியில் மேலப்பிடாவூரில் கல்லூரி மாணவன் ஒருவனின் கைகளை வெட்டினார்கள்; புல்லட் வண்டி ஓட்டியதற்காக என்றார்கள் அவன் குடும்பத்தார். 1931இல் குதிரை, 2025இல் புல்லட். கண்டதேவியில் தேர் வடத்தைத் தொடும் உரிமையை 1998இல் கேட்டோம். அதற்குப் பின் எத்தனை வழக்கு, எத்தனை போலீஸ், எத்தனை வருசம் தேரே ஓடாமல் நின்றது! 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. ஒரு கயிற்றைத் தொடுவதற்குத் தகுதி வேண்டுமாம்.

*

இரண்டாவது நிறம், உடம்பை மூடுவது. ரவிக்கை போடாதே என்று நம் பாட்டிமார்களுக்குச் சட்டம் போட்டவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று பெண்களுக்கு டீசன்ட் டிரஸ் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாரை மறைக்கும் உரிமைக்காக 1822 தொடங்கிப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859 ஜூலையில் அரசாணை வந்தது. என்ன சொன்னது? மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மறைக்கிற மாதிரி மறைக்கக் கூடாது! மானம் கொடுப்பதிலும் மட்டம் வைத்துக் கொடுத்தார்கள்.

மூன்றாவது நிறம், மதிப்புள்ள ஆள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். நிலச்சுவான்தார்கள் மீது வழக்கு நடந்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெரும் நிலம் உள்ள பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற விதமாகத் தீர்ப்பு பேசியது. கார் வைத்திருப்பவன் டீசன்ட்டானவன். டீசன்ட்டானவன் கொலை செய்ய மாட்டான். தர்க்கம் முடிந்தது, வழக்கு முடிந்தது. ராஜஸ்தானில் பன்வாரி தேவி வழக்கிலும் 1995இல் கீழ் நீதிமன்றம் இதே திசையில்தான் போனது: மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று. ஆக, அவனுடைய டீசன்ஸி அவனுக்கு ஜாமீன். நம்முடைய டீசன்ஸி? நல்ல சட்டை போட்டால் "இவனுக்கு இது ஏது?" என்று சந்தேகம். கிழிந்த சட்டை போட்டால் அதுவே சாட்சியம்.

நாலாவது, போதுமான சம்பளம். உலகத் தொழிலாளர் அமைப்பு 1999இல் 'டீசன்ட் ஒர்க்' என்ற முழக்கத்தை முன்வைத்தது. கண்ணியமான வேலை, போதிய கூலி, பாதுகாப்பு. நல்ல முழக்கம், நாமும் கையில் எடுக்க வேண்டிய முழக்கம். ஆனால் இங்கே 'டீசன்ட்டான வேலை' என்றால் கையில் அழுக்குப் படாத வேலை என்று மட்டும் ஆக்கிவிட்டார்கள். மலம் அள்ள வைப்பதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழியில் செத்தால் 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்திச் சொன்னது. குழிக்குள் இறங்குவது நின்றுவிட்டதா? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். தனியாருக்குத் தள்ளாதே, இருக்கிற கூலியைக் குறைக்காதே என்றார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. ஊரைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் நடைபாதையில் உட்கார்ந்ததும் ஊருக்கு இடைஞ்சல் ஆகிவிட்டார்கள்.

ஐந்தாவது, நல்ல மனசு. "அவரு ரொம்ப டீசன்ட்டான ஆளுப்பா, நம்மள வய்ய மாட்டாரு, பழைய வேட்டி சட்டையெல்லாம் குடுப்பாரு" என்று நம் சனமே சொல்லும். வைய மாட்டார், சரி. திண்ணையில் உட்காரச் சொல்வாரா? செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பாருங்கள்: ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை. 2014 முதல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்து வெள்ளைக்காரன் அசந்து போகிறான். நம் தாத்தாக்களுக்குத் தெரிந்தது அந்தக் கொல்லை வாசல் மட்டும். வைக்கோலும் விறகும் மண்ணும் சுமந்து அந்த வாசலுக்கே வந்து, அந்த வாசலிலேயே கூலி வாங்கிப் போனார்கள். இரக்கமும் அந்த வழியாகத்தான் வந்தது. முகப்பு வழியாக ஒருநாளும் வந்ததில்லை.

*

தமிழ் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நன்னூலில் 'தகுதி வழக்கு' என்று படித்திருப்பீர்கள். டீசன்ட் என்பதற்கு இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு கிடையாது. நேராகச் சொல்ல வேண்டியதை விட்டுத் தகுந்த வேறொரு சொல்லால் சொல்வது. அது மூன்று வகை: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். நம்மை வைத்தே அந்த மூன்றுக்கும் உதாரணம் எழுதலாம் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மலம் கழுவப் போவதைக் கால் கழுவப் போவதாகச் சொல்வது போல. 'காலனி' என்பது அப்படி வந்த சொல். சேரி என்று சொல்லக் கூச்சப்பட்டுக் காலனி என்றார்கள். கொஞ்ச நாளில் காலனியே கூசும் சொல்லாகிவிட்டது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல்லை நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நீக்கட்டும், நல்லது. ஆனால் நாளைக்கு வைக்கப் போகிற பெயரும் எத்தனை நாள் தாங்கும்? பெயர்ப் பலகையை மாற்றுகிறீர்கள். சுடுகாட்டுப் பாதையை மாற்றினீர்களா?

கெட்டதை நல்ல பெயரால் சொல்வது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்வார்கள். நமக்குக் காந்தி வைத்த ஹரிஜன் என்ற பெயர் அந்த வகை. துப்புரவுப் பணியாளர் 2020இல் தூய்மைப் பணியாளர் ஆனது அந்த வகை. சுடுகாட்டை நன்காடு என்றால் பிணம் எழுந்து நடக்குமா?

மூன்றாவது குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிய வைத்துக்கொள்ளும் சொல். பொன்னைப் பறி என்பார்கள் தட்டார். நம் காலத்தில் சாதி இந்துக்களின் குழூஉக்குறிதான் தோழர்களே, இந்த டீசன்ட். சாதியைக் கேட்டால் சட்டம் பாயலாம். டீசன்ட்டா என்று கேட்டால் எந்தச் சட்டமும் பாயாது. பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெரிய மனிதர் பேசியது இந்தப் பாஷையைத்தான்.

இதற்கு எதிராக நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைத்தார்? 'பறையன்'. நம்மிடமிருந்து எடுத்துப் போன சொல்லைத்தான் ஆங்கில அகராதி 'பரையா' என்று ஒதுக்கப்பட்டவனுக்கு அடையாளமாக வைத்திருக்கிறது. டீசன்ட்டான சபையில் உச்சரிக்கக் கூடாத அந்தச் சொல்லை முகப்பில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் காசுக்கு விற்றார். கூசுகிறவன் கூசட்டும் என்று! நூறு வருசம் கழித்து 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, தெருப் பேச்சிலேயே எழுதியிருக்கிறாரே, இது இலக்கியமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அதுவும் அதே டீசன்ட் பிரச்சினைதான்.

*

எதிரியைத் திட்டுவது சுலபம். இப்போது நம் பக்கம் வருவோம். என்னில் இருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரியில் படித்தபோது விடுமுறைக்கு ஒரு சிநேகிதன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். அவன் வேறு சாதி. முதல் நாளே வீட்டைப் பெருக்கி, சுவரில் காய்ந்து கிடந்த உப்புக்கண்டச் சரத்தை அவிழ்த்து ஒளித்து வைத்தேன். அப்பத்தாவிடம் போய், "அப்பத்தா, நாளைக்கு அவென் வாரப்ப நீ கொஞ்ச நேரம் பின்னாடி இருந்துக்க. பேச வேணாம்" என்றேன். அது வெற்றிலையை மென்றுகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தது. "ஏன்யா, நான் பேசுனா என்னாகும்?" என்றது. "ஒண்ணும் இல்ல, கொஞ்சம் டீசன்ட்டா இருக்கட்டுமேன்னுதான்."

அந்த வார்த்தை அதற்குப் புரியவில்லை. "அப்புடின்னா என்னய்யா?" என்று கேட்டது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிநேகிதன் வந்து போகும்வரை அது கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. நான்தான் உட்கார வைத்தேன். எந்த மிராசுதாரும் வந்து சொல்லவில்லை. பதினொரு தடைகளோடு பன்னிரண்டாவதாக ஒன்றை என் வீட்டிலேயே, என் வாயாலேயே போட்டேன். அப்பத்தா இன்று இல்லை. அது கேட்ட கேள்விக்குத்தான் இத்தனை பக்கம் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படித்து வேலைக்குப் போன நம் ஆட்கள் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்! டவுனில் வீடு கட்டி, வாசலில் சாமி படம் மாட்டி, ஊரிலிருந்து வருகிற சித்தப்பனைச் சாயந்திர பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புகிறோம். பறை அடிக்கிற மாமனை மேடையில் கலை என்று கொண்டாடுவோம். நம் வீட்டுக் கல்யாணத்துக்குச் செண்டை மேளம் வைப்போம். அருந்ததியர் வீட்டிலும் புதிரை வண்ணார் வீட்டிலும் கை நனைக்காத தலித் இன்னும் இருக்கிறான். அவனுக்கும் ஒரு டீசன்ஸி! தனக்கு மேலே உள்ளவன் போட்ட அளவுகோலைக் கீழே உள்ளவன் மேல் வைத்து அளக்கிறான். வீட்டுப் பெண்களை அடக்குவதற்கும் அதே கோல்தான்.

அதற்காக, சட்டையைக் கழற்று, அழுக்காகத் திரி என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. அம்பேத்கர் கோட்டும் டையுமாக நின்றார். யாரிடம் நல்ல பெயர் வாங்க? கையில் கோடு போட்ட காந்தியப் பரிவை அந்த உடையாலேயே மறுத்தார். 1927 டிசம்பரில் மகாட் போராட்டத்தின்போது கூடிய பெண்களிடம், சாதியை அடையாளம் காட்டுகிற விதமாகச் சேலை கட்டுவதை விடுங்கள், அடிமைக் குறியான அந்தக் கனத்த நகைகளைக் கழற்றி எறியுங்கள் என்றார். உடையை மாற்றச் சொன்னது உண்மைதான். ஆனால் 'அவர்கள் மெச்சுவார்கள்' என்று சொல்லவில்லை. விதித்ததை மீறச் சொன்னார். ராமநாதபுரம் சீமையில் தடை போட்ட பிறகும் சட்டை மாட்டி, குடை விரித்து, குடிசை எரிந்தும் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தானே நம் முப்பாட்டன், அவன் போட்டதும் சட்டைதான். அவனைப் பார்த்து எவனும் டீசன்ட் என்று சொல்லவில்லை. திமிர் என்றான். அந்தத் திமிரில் இருந்துதான் இன்று நம் பையன் இன் பண்ணி நிற்கிறான்.

சட்டை ஒன்றுதான். அதை உரிமையாகப் போடுகிறோமா, நற்சான்றிதழுக்கான மனுவாகப் போடுகிறோமா என்பதில்தான் சண்டை.

*

1996இல் அவிஷாய் மார்கலிட் என்ற இஸ்ரேலியத் தத்துவப் பேராசிரியர் டீசன்ட்டான சமூகம் எது என்று கேட்டு ஒரு நூல் எழுதினார். தன் அமைப்புகள் மூலம் மனிதர்களை அவமானப்படுத்தாத சமூகமே டீசன்ட்டான சமூகம் என்பது அவர் பதில். உடையையும் உச்சரிப்பையும் அவர் அளக்கவில்லை. அளவுகோலை அப்படியே திருப்பிவிட்டார். அளக்கப்பட வேண்டியது நாமில்லை. பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்து ஆபீஸ், கோர்ட், கோயில்.

அந்தக் கோலால் அளந்து பார்ப்போமா? மேலூர்ப் பக்கம் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலிக்கு ஜெயித்து வந்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று தலையை வெட்டிக் கொன்றது டீசன்ட்டா? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்தியது டீசன்ட்டா? தனி டம்ளர் டீசன்ட்டா? தனிச் சுடுகாடு டீசன்ட்டா? தெரு எதுவென்று கேட்டு வீடு இல்லை என்பது டீசன்ட்டா? இனி இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டும். கேட்கிற இடம் நம்முடையது, பதில் சொல்கிற இடம் அவர்களுடையது.

கடைசியாக, அந்தப் பையனுக்கு.

தம்பி, நல்லா உடுத்து. ஷூவைப் பாலிஷ் போடு. புல்லட் வாங்க முடிந்தால் வாங்கி ஓட்டு. கால் மேல் கால் போட்டு உட்கார். ஆங்கிலம் படி, நன்றாகப் படி. அந்த வார்த்தையின் ஐந்து நிறமும் தெரியுமளவுக்குப் படி. ஆனால் அடுத்த முறை பஸ் ஸ்டாப்பில் எவனாவது "பாத்தா அப்புடித் தெரியலையே" என்றால் சிரிக்காதே. திரும்பி நின்று கேள்: "எப்புடித் தெரியல?"

அவ்வளவு போதும். பதிலை அவர் வாயாலேயே சொல்லட்டும். ஊர் கேட்கட்டும்.